கழற்றி வைத்த நகை

தம்பானூரிலிருந்து வித்துரா போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு தம்பதி இருந்தார்கள். நகை போடாத பெந்தெகொஸ்தே சபைக்காரர்கள்; அந்த அம்மாள் காதிலும் கழுத்திலும் ஒரு பொட்டுத் தங்கம் இல்லை.

"கண்ணை மூடி ஜெபிச்சா ஆண்டவர் வரல்ல, பேங்க் லாக்கர்தான் வருது" என்றார் அந்த அம்மாள்.

"ஞானஸ்நானம் எடுத்தப்பவே நகையெல்லாம் கழத்தியாச்சே. பின்னே எந்தா?" என்றார் கணவர்.

"போட்டிருந்தப்போ அந்த நினைப்பே கிடையாது. இப்ப மாசாமாசம் பேங்குக்குப் போய் தொட்டுப் பாத்துட்டு வாறேன்."

"என்கிட்ட வெண்டைக்கா வாங்கப் போறேன்னுல்லா சொல்லுவ!"

"வெண்டைக்காயும் வாங்கினேனே."

அவர் குலுங்கிச் சிரித்தார்.

"சிரிக்காதீங்க, எனக்குப் பயமாட்டு இருக்கு. சாகுற நேரத்துலயும் என் மனசு அங்கதான் கிடக்கும்."

பஸ் நெடுமங்காட்டைத் தாண்டியது.

"உங்க தங்கச்சி மவளுக்குக் கல்யாணம் வருதுல்லா" என்றார் அந்த அம்மாள். "அவங்க சபையில நகை போடலாம். அவளுக்குக் குடுத்திருவோம்."

"நல்ல காரியம். ஒரு வளையல் குடு."

"எல்லாத்தையும்."

"எல்லாத்தையுமா?"

அவருக்கு நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. அந்த அம்மாள் எழுந்து, "ஜன்னல் பக்கம் வாங்க, கொஞ்சம் காத்து கிடைக்கும்" என்று தன் இடத்தை அவருக்குக் கொடுத்தார்.