நான்கு வரிப் பட்டியல்

பெயர் முத்தாயம்மாள், வயது 26, தகப்பனார் கண்ணுசாமி, சேலம் அம்மாபேட்டை, கதவு எண் 14. தனியார் லாரி ஆபீசில் மூன்று வருடமாகக் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். இன்று 19.9.1988 காலை போலீஸ் நிலையத்தில் விசாரித்தபோது நான் கூறுவதாவது:

எங்கள் கம்ப்யூட்டர் பதிவில் தேதி, லாரி எண், டிரைவர் பெயர் மூன்றும் ஒரே வரியில் இருந்தன. ஒரு லாரியை ஒரு நாளில் ஒருவர்தான் ஓட்டுவார். ஆகவே தேதியும் லாரி எண்ணும் தெரிந்தால் டிரைவர் யாரென்று தெரிந்துவிடும். தேதி மட்டும் போதாது. கடந்த ஜூன் மாதம் மேனேஜர் வீரபாகு அந்தப் பதிவை இரண்டாகப் பிரிக்கச் சொன்னார். தேதியும் லாரியும் ஒன்று, தேதியும் டிரைவரும் மற்றொன்று. நான், "டிரைவர் பக்கத்துல லாரி நம்பரும் இருக்கட்டுமுங்க, இல்லீன்னா அப்புறம் சரியாச் சேராதுங்க" என்றேன். "சொன்னதச் செய் புள்ள" என்றார். செய்தேன். அதன் பிறகு பழைய பதிவை என்னை வைத்தே அழித்தார். எந்த லாரிக்கு யார் என்று கையால் எழுதும் சீட்டு, கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து கிடையாது.

அதன் பிறகு 2.9.88 காலை எட்டு மணியளவில் வெண்ணந்தூர் ரோட்டில் எங்கள் 4127 லாரி மோதி, தறிக்கு நூல் வாங்கிவந்த பாவாயி என்பவர் இறந்துபோனார். டிரைவர் ஓடிவிட்டார். அன்று போனவை இரண்டு லாரிகள். ஓட்டியவர்கள் தீர்த்தகிரியும், முதலாளியின் மச்சினன் சரவணமுத்துவும். தான் ஓட்டியது மற்ற லாரி என்றே இருவரும் சொல்கிறார்கள். மேனேஜர் கேட்டபடி தேதியை வைத்து இரண்டு பதிவுகளையும் சேர்த்து அச்செடுத்தேன். இரண்டு வரி வரவேண்டிய இடத்தில் நான்கு வந்தன. ஒவ்வொரு லாரிக்கும் இரண்டு டிரைவர்கள். அதில் இரண்டு வரி பொய். எவை என்று அந்தப் பதிவுகளிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. மேனேஜர் 4127க்கு நேராகத் தீர்த்தகிரி பெயர் இருந்த வரியை மட்டும் கத்தரித்துப் போலீசில் கொடுத்தார். நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

அதன் பிறகு தீர்த்தகிரியைப் பிடித்துப்போனார்கள். நான்காம் நாள் அவர் மனைவி குஞ்சம்மாள், முதுகுப்புறம் கிழிந்த அவர் சட்டையுடன் ஆபீசுக்கு வந்தார். "மெசின் சொல்லுச்சுன்னு என் ஊட்டுக்காரர அடிச்சிருக்காங்க. அந்த மெசின்ல ஒக்காந்திருக்கறது நீதான?" என்று கேட்டார். நான் ஆமாங்க என்றேன். அதன் பிறகு வேலையை விட்டுவிட்டேன். அன்றே நான் இன்னொன்றாக அச்செடுத்து வைத்திருந்த, நான்கு வரியும் உள்ள முழுத் தாளை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

கீழே உள்ளது என் கைப்பட எழுதியது. மேலே போலீசார் எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டியபோது, "4127ஐ ஓட்டியது தீர்த்தகிரி" என்று கடைசியில் ஒரு வரி இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை. "ஒரு வரிதான, போட்டுட்டுப் போம்மா" என்றார் இன்ஸ்பெக்டர். அந்த வரியைக் கோடு போட்டு அடிக்கும் வரை நான் எழுந்திருக்கவில்லை. அடித்த இடத்திலும் கையெழுத்திட்டிருக்கிறேன். மற்றதெல்லாம் நான் சொன்னது, நடந்தது.

(ஒப்பம்) க. முத்தாயம்மாள்