ஜோவிதாவின் சாதாரணக் கட்டி

எங்கள் வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. என் மனைவி ஜோவிதாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. நான் ஒரகடத்தில் கார் பாகங்களுக்குத் தரம் பார்க்கிறவன். என் கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டி வெளியே போகாது.

ஏழு வருடத்துக்கு முன்பு அவளுக்கு இடது மார்பில் கட்டி வந்தது. புற்றுநோய் என்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவளிடம் சாதாரணக் கட்டி என்றேன். நோயாளியிடம் சொல்லாமலிருப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம்தான். சொன்னால் பாதி உயிர் அங்கேயே போய்விடும். கட்டியை எடுத்தார்கள், கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தார்கள், ஐந்து வருடத்துக்கு மாத்திரை எழுதினார்கள். சத்து மாத்திரை என்று சொல்லிக் கொடுத்தேன். ஒரு வேளை தவறியதில்லை.

பிறகு மாதவிடாய் நின்று அவள் உடம்பு திகுதிகுவென்று எரிய ஆரம்பித்தது. செல்போன் கம்பெனியில் தலை முதல் கால் வரை மூடிய உடையோடு லைனில் நிற்கிறவள். இரண்டு தடவை மயங்கி விழுந்தாள். தண்டலத்தில் ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். ஹார்மோன் மாத்திரை எழுதுமுன் டாக்டரம்மா, "மார்புல முன்னாடி ஏதாவது பிரச்சனை இருந்துச்சாம்மா?" என்று கேட்டார்.

ஜோவிதா என்னைப் பார்த்தாள். டாக்டர் கேட்டால் நான்தான் பதில் சொல்வேன்.

"சாதா கட்டி ஒண்ணு டாக்டர். எடுத்தாச்சு. ரிப்போர்ட்டு வூடு மாறும்போது தொலைஞ்சிடுச்சு."

பக்கத்தில் நின்ற நர்ஸ், டெனிசனின் அத்தை. அந்தப் பையனைத்தான் எங்கள் மகள் ஷீபாவுக்குப் பேசிக்கொண்டிருந்தோம். தாய்க்குப் புற்றுநோய் என்றால் அந்தச் சம்பந்தம் நிற்குமா, நீங்களே சொல்லுங்கள்.

மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் சாப்பிடக் கூடாது என்று பெட்டிக்குள் இருந்த தாளில் தெளிவாகவே போட்டிருந்தது. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மாத்திரையை அவள் உள்ளங்கையில் வைத்தேன். சில வாரங்களில் எரிச்சல் அடங்கியது. "எல்லாம் உங்க கைராசிங்க," என்று சிரித்தாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, அதே இடத்தில் ஏதோ தட்டுப்படுகிறது என்றாள்.

"கொழுப்புக் கட்டிதான் ஜோவி. கல்யாணம் முடியட்டும்."

கல்யாணம் முடிந்தது. மறுவீடு, ஷீபாவின் தலைக் கிறிஸ்துமஸ் எல்லாம் முடிந்தது. மாத்திரையை நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஏன் என்று கேட்பாள். முதுகு வலிக்கிறது என்றபோது வாதம் என்றேன்.

போன வாரம், கூட வேலை பார்க்கும் மஞ்சுளாவோடு அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். எலும்பு வரை பரவிவிட்டதாம். பழைய ஃபைலை எடுத்து எல்லாவற்றையும் விளக்கியிருக்கிறார்கள்.

"எனக்கு இன்னா நோவுன்னு மஞ்சுளாவுக்கு அரை மணி நேரத்துல தெரிஞ்சிடுச்சு. எனக்குத் தெரிய ஏழு வருஷம் ஆச்சுங்க," என்றாள். அழவில்லை.

எல்லாம் செய்தது நான்தான். ஆனால் முப்பது வருடத்தில் என்னிடம் சொல்லாமல் அவள் வாசலைத் தாண்டியதில்லை. இப்போது கட்டின புருஷனை விட்டுவிட்டு, யாரோ ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். அந்தத் துரோகத்தை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.