துருப்பிடிக்க வைக்கிற மாப்பிள்ளை

கொல்லங்கோட்டிலிருந்து பாலக்காடு போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஒருவர் பெண்ணைப் பெற்றவர். மற்றவர் மாப்பிள்ளைப் பையனின் சித்தி.

"தம்பிக்குக் கம்பெனியில என்ன பணிங்க?"

"அலுமினியத்தைத் துருப்புடிக்க வெக்கறதுங்க."

டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

"அதுக்கு ஒரு ஆளு வேணுங்களா? மழையில போட்டாப் போதாதுங்களா?" என்றார் பெண்ணைப் பெற்றவர்.

"அது கெட்ட துருங்க. இது ஆசிட் தொட்டியில முக்கி, கரண்டு உட்டுப் புடிக்க வெக்கற துரு. அனோடைசிங்னு சொல்லுவாங்க. பெயிண்ட்டுன்னா உரிஞ்சு போயிரும். இது அதோட ஒடம்புலயே வளர்ற தோலு, நகத்துல சொரண்டினாலும் வராது. ஒருக்கா நல்லாப் புடிச்சிட்டா, அப்பறம் துருவே அண்டாதுங்க."

பெண்ணைப் பெற்றவர் குரலைத் தாழ்த்தினார். "குடி கிடி உண்டுங்களா?"

சித்தி வெளியே வயலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "முன்னாடி நல்லாக் குடிச்சானுங்க. இப்பத் தொடறதில்லீங்க."

"அப்பத் துருப்புடிச்சு முடிஞ்ச பையன்னு சொல்லுங்க."

"அப்படித்தானுங்க."

"சரி, ஞாயித்துக்கெழம கூட்டிட்டு வாங்க. எங்க ஊட்டுக்காரரு சொரண்டிப் பாக்கட்டும்."