முப்பத்தெட்டு மணி நேரம்

ஆபீசர்: மறுபடியும் முப்பத்தெட்டா?

வார்டன்: முப்பத்தெட்டுதான் சார்.

ஆபீசர்: போன சனிக்கிழமையும் இதத்தான் சொன்னீங்க. இன்னிக்கு காலைலேந்து இங்கயே கிடக்கேன். உங்க முதியோர் இல்லத்துல கடிகாரம் பின்னாடி ஓடுதா மேடம்?

வார்டன்: இன்னிக்கு ஆறு மணி நேரம் ஏத்தினேன். போன மாசம் நீங்க செவுத்துக்கு பெயிண்ட் அடிச்ச ஆறு மணி நேரத்த எடுத்துட்டேன்.

ஆபீசர்: ஏன்... நல்லா அடிக்கலையா?

வார்டன்: நல்லாத்தான் அடிச்சீங்க. உங்களுக்கு முன்னாடி உங்க ஆபீஸ்லேந்து வந்த பதினோரு பேரும் நல்லாத்தான் அடிச்சாங்க. அதே செவுத்துக்கு. கேட்டுக்கும் சேர்த்து அடிச்சதுல, பெயிண்ட் தடிச்சுப் போயி இப்ப கேட்டையே சாத்த முடியல.

ஆபீசர்: வேற வேல கொடுத்திருக்கலாமே?

வார்டன்: கொடுத்தேனே. நாலாம் ரூம் அம்மாவுக்கு நகம் வெட்டச் சொன்னேன். ஒரே நாள்ல மூணு பேர் வெட்டினாங்க. மூணாவது ஆள் வர்றப்ப அந்தம்மா கைய முதுகுக்குப் பின்னாடி ஒளிச்சுக்கிட்டாங்க. இன்னொருத்தர் ஊட்டி விடறேன்னு வாய்ல ஸ்பூன வெச்சாரு. போட்டோ சரியா விழற வரைக்கும் முழுங்க விடல.

ஆபீசர்: அதுக்குத்தான் மேடம் நான் தலைப்பாடா அடிச்சுக்கறேன். உதவிங்கறது மனசுலேந்து வரணும். உத்தரவு போட்டா இப்படித்தான், கூலிக்கு மாரடிக்கிற கதையா ஆயிடும். எங்க ஆபீஸ் அனுப்பின சர்க்குலர்ல தலைப்பு என்ன தெரியுமா? "தன்னார்வ சேவை, அனைவருக்கும் கட்டாயம்."

வார்டன்: அழகா இருக்கு. ஃபிரேம் போட்டு மாட்டலாம்.

ஆபீசர்: சிரிங்க. நாப்பது மணி நேரம் முடிச்சு கையெழுத்து வாங்கலேன்னா மேனேஜர் லிஸ்ட்ல என் பேரு போகாது. திங்கக்கிழமை கடைசி நாள். எனக்குப் பின்னாடி சேர்ந்தவனெல்லாம் எனக்கே மேனேஜரா வந்து உக்காருவான். விருப்பம் இருக்கறவங்க செய்யட்டும்னு விட்டிருந்தா...

வார்டன்: ஆமா சார். விருப்பத்தோட வர்றவங்க வரிசைதான் வாசல் வரைக்கும் நிக்குதே. ஒதுங்குங்க ஒதுங்குங்கன்னு சொல்லிட்டுத்தான் நான் வெளியவே போக வேண்டியிருக்கு.

ஆபீசர்: குத்திக் காட்டுறீங்க.

வார்டன்: சேச்சே. சர்க்குலருக்கு முன்னாடி சனிக்கிழமை தவறாம வந்தது ஒருத்தர்தான். கொசு மருந்து அடிக்கிறவரு. அவருக்கும் அது உத்தியோகம்... சரி, தொண்ட எப்படி இருக்கு?

ஆபீசர்: தொண்டையா?

வார்டன்: ஏழு வாரமா கட்டியிருக்கே. ஏழாம் ரூம் வாசப்படி தாண்டினா கரகரங்குது. வெளிய வந்தா கணீர்னு ஆயிடுது. டாக்டர்கிட்ட காட்டுங்க. விசித்திரமான வியாதி.

ஆபீசர்: அது... ரூம்ல கொஞ்சம் தூசி.

வார்டன்: அந்த ரூம நீங்கதானே பெருக்கறீங்க? உங்க ஆபீசுக்குப் பின்னாடியே ஒரு இல்லம் இருக்கு. அத விட்டுட்டு ஒண்ணரை மணி நேரம் கார் ஓட்டிக்கிட்டு இங்க எதுக்கு சார்?

ஆபீசர்: லிஸ்ட்ல முதல்ல இருந்துச்சு, டிக் பண்ணேன்.

வார்டன்: அகர வரிசைல நாங்க கடைசி.

ஆபீசர்: கீழேருந்து பார்த்தேன் போல.

வார்டன்: இருக்கும் இருக்கும். ஏழாம் ரூம்காரருக்கு டீல சக்கரை கூடாது, நல்லா ஆத்தித் தரணும்னு வந்த முதல் நாளே சமையக்காரம்மாகிட்ட சொன்னீங்களாம். அதுவும் லிஸ்ட்ல இருந்துச்சா?

ஆபீசர்: மேடம்... கையெழுத்து போடுங்க. நேரமாகுது.

வார்டன்: போட்டா அடுத்த சனிக்கிழமை வருவீங்களா?

ஆபீசர்: பார்க்கலாம்.

வார்டன்: இங்க இருக்கற இருபத்தி மூணு பேரும் கேட்டுக் கேட்டுப் புளிச்சுப் போன வார்த்த சார் அது. பார்க்கலாம்னா வரமாட்டேன்னு அர்த்தம்.

ஆபீசர்: உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு, இல்ல?

வார்டன்: எனக்கு என்ன தெரியும். நான் நேரம் கணக்கு பார்க்கறவ.

ஆபீசர்: என் அண்ணன் அவரு. கூடப் பிறந்த அண்ணன்.

வார்டன்: ம்.

ஆபீசர்: அண்ணி இறந்தப்ப நான் போகல. ஆடிட் நடக்குதுன்னு சொன்னேன். ஆடிட்டெல்லாம் இல்ல... சின்ன வாக்குவாதம், அதுல ஒரு வீம்பு. போகாம விட்டுட்டேன். ஒம்பது வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் எந்த முகத்த வெச்சுக்கிட்டு...

வார்டன்: கண்ணு தெரியாதவருக்கு எந்த முகமா இருந்தா என்ன சார்?

ஆபீசர்: குரல் தெரியுமே. அதுக்குத்தான் தொண்டைய மாத்திக்கிட்டேன். கேவலமா இருக்கு மேடம். வந்தது நான்தான்னு தெரிஞ்சாக்கூட தாங்கிடுவாரு. சர்க்குலர் வந்ததாலதான் வந்தேன்னு தெரிஞ்சா... அதான், முடிச்சுக்கிட்டு சத்தமில்லாம போயிடறேன். கையெழுத்து போடுங்க.

வார்டன்: அத நிறுத்தி வெச்சது நான் இல்ல சார்.

ஆபீசர்: பின்ன யாரு?

வார்டன்: நீங்க ஏன் அவருக்குப் பேப்பர கடைசிப் பக்கத்துலேந்து படிக்கிறீங்க?

ஆபீசர்: சின்ன வயசுலேந்து பழக்கம். விளையாட்டுச் செய்தி அங்கதான்... இப்ப எதுக்கு அது?

வார்டன்: நீங்க முதல் நாள் படிச்சிட்டு வெளிய போனதும் என்னக் கூப்பிட்டாரு. "பேப்பர கடைசிலேந்து படிக்கிறவன் ஒருத்தன்தாம்மா. அவனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக் கொடுத்தவன் நான். இவன் எப்படிம்மா இங்க வந்தான்?"னு கேட்டாரு.

ஆபீசர்: நீங்க... என்ன சொன்னீங்க?

வார்டன்: எனக்குப் பொய் சொல்ல வராது. சர்க்குலரப் படிச்சுக் காட்டினேன். தலைப்பக் கேட்டு ரொம்ப நேரம் சிரிச்சாரு. அப்புறம் சொன்னாரு: "எப்பவும் ரெண்டு மணி நேரம் குறையற மாதிரி பார்த்துக்கம்மா. நாப்பது ஆயிட்டா தம்பி வரமாட்டான்." அவரு பேச்சக் கேட்டு உங்க பிழைப்ப நான் கெடுக்கக் கூடாது. கையெழுத்து ஃபாரத்தக் கொடுங்க சார். நாப்பதுன்னு போட்டுத் தர்றேன்.

ஆபீசர்: வேணாம்... போன வாரம் அவருக்குப் படிச்சுக்கிட்டே நாற்காலில ஒரு மணி நேரம் தூங்கிட்டேன். அத நீங்க கழிக்கவே இல்ல மேடம். முப்பத்தேழுன்னு போடுங்க.