ஜன்னல் வெளிச்சத்தில் நின்று வாசிக்கும் மடல்

இருபத்தாறு ஆண்டுகளாக எங்கள் ஞாயிறு பள்ளியின் கண்காணிப்பாளராக இருந்து, பால்பல் விழாத பிள்ளைகளைப் பயமில்லாமல் பேச வைத்த பண்பாளரே! பசை டப்பாவும் பஞ்சு மூட்டையுமாகப் படியேறி வந்து, பத்து விரல்களால் ஒரு மந்தையையே படைத்துக் காட்டிய படைப்பாளியே! பெரியவர், சிறியவர், போதகர், பொடியர் என்ற பேதம் இல்லாமல் இந்தச் சபை முழுவதற்கும் 'அத்தை' ஆனவரே! உங்களுக்கு எங்கள் தோத்திரமும் வணக்கமும்.

இந்த மூன்று வாக்கியங்களும் எங்கள் செயலர் எழுதியவை. அவர் எழுதிக்கொடுத்த பிரியாவிடை மடலில் இதுபோல இன்னும் நாற்பது இருந்தன. எல்லாமே அழகானவை. அவற்றை நான் கண்ணாடி முன் நின்று, குரல் எழுப்பாமல், உதட்டை மட்டும் அசைத்து வாசித்துப் பார்த்தேன். பகரமும் மகரமும் உதட்டில் ஒரே மாதிரி மூடித் திறக்கின்றன. மோனை காதுக்கு இனிமை. கண்ணுக்கு, ஒரே கதவு திரும்பத் திரும்பச் சாத்தப்படுவது போல இருக்கிறது.

"என் மோனை எல்லாத்தையும் அறுவடை பண்ணிட்டியேம்மா. மூணு வாக்கியமாவது விட்டு வை" என்றார் செயலர். விட்டு வைத்தேன். மற்றதெல்லாம் சின்ன வாக்கியங்கள்.

ஏன் அப்படி வாசித்துப் பார்த்தேன் என்பதைக் கூடியிருக்கும் எல்லோருக்கும் சொல்ல வேண்டும். சொல்வதற்கு உங்கள் அனுமதி வாங்கியிருக்கிறேன்.

எங்கள் அத்தைக்குக் காது கேட்காது. பதினோரு வருடங்களாகக் குறைந்துவந்து, கடைசி ஆறு வருடங்களாக அறவே கேட்காது.

இதைக் கேட்டதும் எல்லோரும் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பீர்கள். உதவி ஆசிரியைகள் நாங்கள் ஐந்து பேரும் அப்படித்தான் பார்த்தோம். மூன்று வாரமாகியும் அந்த அதிர்ச்சி எங்களை விட்டுப் போகவில்லை.

உங்களிடம் வேத வசனம் ஒப்பிக்கும் பிள்ளை ஜன்னல் பக்கம் நிற்க வேண்டும். முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும். வாயில் கை வைத்தால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். "முணுமுணுக்காத. வாயத் திறந்து, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு" என்பீர்கள். அதைக் கண்டிப்பு என்று நினைத்தோம். நம் பிள்ளைகள் பள்ளிக்கூட மேடைகளில் பரிசு வாங்கியபோது, அத்தையின் கண்டிப்பால் வந்த உச்சரிப்பு என்று பெருமைப்பட்டோம். உதட்டில் தெரிவது பேச்சில் பாதிகூட இல்லை என்று இப்போது தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். மீதியை நீங்கள் மனப்பாடமாக வைத்திருந்தீர்கள். அத்தனை வசனங்களையும்.

பிள்ளைகள் பாடும்போது நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பீர்கள். பக்தி என்று நினைத்தோம். நாம் இப்போது கூடியிருக்கும் இந்த மேல்கூடத்தின் தரை பலகைத் தரை. பிள்ளைகள் காலைத் தட்டிப் பாடினால் தாளம் பலகை வழியாக உங்கள் பாதத்துக்கு வந்துவிடும். தாளம் தப்பினால் யார் தப்பினார்கள் என்று சரியாகக் கை நீட்டுவீர்கள். ராகம் தப்பினால் ஒன்றும் சொல்ல மாட்டீர்கள். ஒருமுறை கேட்டதற்கு, "சுருதி கர்த்தருக்குத் தெரிஞ்சா போதும். தாளம் எனக்குத் தெரிஞ்சா போதும்" என்றீர்கள். எல்லோரும் சிரித்தோம்.

இனி அந்தச் சனிக்கிழமை.

சிறுவர் ஞாயிறுக்கு முந்தின நாள். மேய்ப்பனும் ஆடுகளும் நாடகத்துக்கு ஒத்திகை. பதினாறு ஆடுகள். அவற்றில் காணாமல் போகிற ஆடு, நாலு வயதுப் பட்டாணி. உருண்டையாகவும் ஓரிடத்தில் நில்லாமலும் இருப்பதால் வந்த பெயர் அது. நீங்கள் கீழ்த்தளத்தில், மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சாமான் அறைக்கு எதிரே மேசை போட்டு, கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, ஆட்டுக் காதுகளுக்குப் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தீர்கள்.

பிள்ளைகளை எண்ணுவது என் வேலை. எண்ணினேன். பதினைந்து. மறுபடி எண்ணினேன். பதினைந்து. உங்கள் பின்னால் வந்து நின்று, "அத்தை, ஒரு ஆடு குறையுது" என்றேன். நீங்கள் திரும்பவில்லை.

என் குரல் சின்னது. கல்லூரியில் வாய்மொழித் தேர்வு வைத்தவர்கள்கூட என் பதிலை எழுதிக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். அன்றும் குரல்தான் எட்டவில்லை என்று நினைத்தேன். இன்னொரு தடவை சொல்லக் கூச்சமாக இருந்தது. பட்டாணி தண்ணீர் குடிக்கப் போயிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, மற்ற பிள்ளைகளோடு மாடிக்குப் போய்விட்டேன். அங்கே பாட்டு ஒத்திகை. பதினைந்து ஆடுகளும் கத்தின. வேறெதுவும் கேட்கவில்லை.

இருபத்தைந்து நிமிடம் கழித்து, ஒயர் எடுக்க வந்த செயலர் சாமான் அறைக் கதவைத் திறந்தார். அந்தக் கதவைச் சாத்தினால் வெளிக்கொண்டி தானாக விழுந்துகொள்ளும். உள்ளே பட்டாணி. நான் வந்து நின்றபோது சத்தமில்லாமல் ஒளிந்திருந்திருக்கிறாள். தலைமுடி நெற்றியில் ஒட்டிக் கிடந்தது. சட்டை நனைந்திருந்தது. அழுதழுது குரல் போயிருந்தது. கதவின் உள்பக்கம், முழங்கால் உயரத்தில், அவள் ஷூ பட்ட இடமெல்லாம் பெயிண்ட் உதிர்ந்திருந்தது. நீங்கள் அந்தக் கதவிலிருந்து மூன்று எட்டு தூரத்தில் இருந்தீர்கள். கீழ்த்தளம் சிமென்ட் தரை. அது உங்கள் பாதத்துக்கு எதையும் கொண்டுவராது.

பட்டாணியின் அம்மா நர்ஸ். வேலையிலிருந்து அதே உடுப்போடு ஓடி வந்தார்.

"இவ்வளவு பக்கத்துல உக்காந்துட்டு, பிள்ள கதவ ஒதைச்சது கேக்கலையா?"

"கேக்கல" என்றீர்கள்.

"கேக்கலையா, கேக்க மனசில்லையா?"

அம்மாவின் தோளில் கிடந்த பட்டாணிதான் காற்றுக் குரலில் சொன்னாள்: "காணாமப் போற ஆடு நான்தானே. அதான் போனேன். யாருமே தேடி வரல."

அந்தச் சொல்லைக் கேட்டு நான் மற்றவர்களுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

மறுநாள் நாடகம் நடக்கவில்லை. உங்கள் விலகல் கடிதம் வந்தது. காரணம் 'வயது' என்று எழுதியிருந்தீர்கள். எல்லோரும் நம்பினோம். அதைவிட மோசமானதையும் நம்பினோம். அத்தைக்குப் பழைய கவனம் இல்லை, பஞ்சின் மேல் இருந்த அக்கறை பிள்ளைமேல் இல்லை என்று படிக்கட்டில் நின்று பேசினோம். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எண்ணியது நான், குறைந்தது தெரிந்தும் போனது நான் என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் அதைச் சொல்லிவிடத்தான் உங்கள் வீட்டுக்கு வந்தேன். அழைப்பு மணியை அழுத்தினேன். சத்தம் வரவில்லை. மறுபடி அழுத்தினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால், அலமாரிக்கு மேல் ஒரு சிவப்பு பல்பு எரிந்தது. விரலை எடுத்தேன், அணைந்தது. அழுத்தினேன், எரிந்தது. நான் இயற்பியல் படித்தவள். மணியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பல்பை இணைத்திருக்கிறார்கள் என்பது உடனே புரிந்தது. ஏன் இணைத்தார்கள் என்பது அடுத்த நொடியில் புரிந்தபோது தூக்கிவாரிப் போட்டது. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஜன்னல், வெளிச்சம், செருப்பு, திரும்பாத உங்கள் முதுகு, எல்லாம் இடம் மாறி என் தலையில் விழுந்தன.

கதவைத் திறந்தது உங்கள் கணவர், எங்களுக்கு மாமா. ரேடியோ ரிப்பேர் செய்தவர். அந்த பல்பு அவர் கைவேலை. "என்னம்மா, பல்போட விளையாடுறியா?" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

உள்ளே நீங்கள் என்னைப் பார்த்த உடனே, "தெரிஞ்சுபோச்சா?" என்றீர்கள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டேன்.

"அழணும்னா அழு. ஆனா குனியாம அழு. நீ என்ன சொல்றேன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

நிமிர்ந்து சொன்னேன். "நான் உங்க பின்னாடி நின்னு சொன்னேன் அத்தை, ஒரு ஆடு குறையுதுன்னு. ஒரே ஒரு தடவ. நீங்க திரும்பல. என் குரல்தான் கேக்கலன்னு நெனச்சு விட்டுட்டேன்."

நீங்கள் வெகுநேரம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு சொன்னீர்கள்: "உனக்குக் குரலே இல்லன்னு எல்லாரும் சொல்லுவாங்க. எனக்கு அது ஏன்னே புரிஞ்சதில்ல. எனக்கு நீயும் எல்லாரையும் போலத்தான் பேசுற."

நான் உதவி ஆசிரியையாக வந்த இரண்டு வருடத்தில் என்னிடம் 'சத்தமா சொல்லு' என்று சொல்லாத ஒரே ஆள் நீங்கள்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"காதுல வெக்கிற மெஷின் வாங்கலையா அத்தை?"

"வாங்கினேன். முப்பது பிள்ளைங்க சேர்ந்து கத்துனா, தகர டப்பாவுல கல்லப் போட்டு ஆட்டுன மாதிரி இருந்துச்சு. கொஞ்ச நாள்ல அதுவும் இல்ல. கழட்டி வெச்சுட்டேன்."

மாமா நடுவில் புகுந்தார். "இவகிட்ட சண்ட போடணும்னா லைட்டப் போட்டுட்டுத்தான் போடணும்."

"அதான் முதுகக் காட்டிட்டு முணுமுணுக்கிறாரு. எதிர்ல இருக்கிற அலமாரிக் கண்ணாடில வாய் தெரியும்னு இன்னும் அவருக்குத் தெரியாது."

மாமா அலமாரியைப் பார்த்தார். அன்று அதிர்ந்து போனது நான் மட்டுமல்ல.

எதற்காக மறைத்தீர்கள் என்று கேட்டேன். "தெரிஞ்சா ஒரு நாற்காலியப் போட்டு உக்கார வெச்சு, பாவம்னு பாப்பாங்க. பிள்ளைங்ககிட்ட விட மாட்டாங்க. அதுக்குப் பயந்து மறைச்சேன். மறைச்சதுல ஒரு பிள்ளைய உள்ள வெச்சுப் பூட்டிட்டேன். அதுக்கு மன்னிப்புக் கேக்கலாம், சாக்குச் சொல்லக் கூடாது."

"எல்லார்கிட்டயும் நான் சொல்லணும் அத்தை."

"எதுக்கு? மதிப்பா அனுப்புறாங்க. போயிடுறேன்."

"கேக்க மனசில்லாம இருந்தீங்கன்னு நெனச்சுக்கிட்டுல்ல அனுப்புறாங்க?"

"முதல்ல அவ அம்மாகிட்ட நான் சொல்றேன். அதுக்கப்புறம் நீ சொல்லு. நிழல்ல நின்னு சொல்லாத" என்றீர்கள்.

பட்டாணியின் அம்மா வேலை செய்யும் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நீங்கள் சொல்லி முடித்தபோது அந்த அம்மா நம்பவில்லை. உங்கள் பின்னால் போய், காதருகே விரலைச் சொடுக்கினார். இன்னொரு தடவையும் சொடுக்கினார். உங்கள் இமைகூட அசையவில்லை. முன்னால் வந்து நின்றபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

"கோவம் போயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன்."

"சொல்ல வேணாம்மா."

"ஆனா என் பொண்ணு வசனத்த வேற யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்கிறா. வீட்ல சொல்லுடின்னா, 'நீ என் வாயப் பாக்க மாட்டேங்கிற, அத்தைதான் பாப்பாங்க'ங்கிறா. நான் என்ன பண்றது?"

அத்தை, நீங்கள் மறைத்தது தவறு. மடலில் தவறைச் சொல்வது வழக்கமில்லை. ஆனால் சாக்குச் சொல்லக் கூடாது என்றவர் நீங்கள். ஆறு வருடம் உங்கள் பக்கத்தில் இருந்தும் நாங்கள் கவனிக்காதது எங்கள் தவறு. உங்கள் உழைப்பைப் புகழ்ந்தோம், உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. என் தவறு தனி. உங்கள் பின்னால் நின்று ஒரு தடவை சொன்னதை, இன்று முன்னால் நின்று இரண்டாம் தடவை சொல்கிறேன். ஒரு ஆடு குறைந்தது அத்தை. எனக்குத் தெரியும். நான் மறுபடி சொல்லவில்லை. நீங்களும், பட்டாணியும், அவள் அம்மாவும் என்னை மன்னிக்க வேண்டும்.

கண்காணிப்பாளர் பொறுப்பு இன்றோடு முடிகிறது. அது நீங்களே எடுத்த சரியான முடிவு. சாமான் அறைக் கொண்டியைக் கழற்றிவிட்டோம். இனி பிள்ளைகளை இரண்டு பேர் எண்ணுவோம். குறைந்தால் தொட்டுச் சொல்வோம். ஜன்னல் ஓரத்து உங்கள் நாற்காலியை மட்டும் நகர்த்தவில்லை. ஞாயிறுதோறும் வசனம் கேட்க அதற்கு வேறு ஆளும் வைக்கவில்லை.

இந்த மடலைக் கண்ணாடிச் சட்டம் போட்டு உங்கள் கையில் தரப்போகிறோம். நீங்களே படித்துக்கொள்ளலாம். ஆனாலும் வாசிக்க வேண்டும் என்று நின்றேன். மைக்கை நெஞ்சளவுக்கு இறக்கச் சொன்னதும், மேடையை விட்டு ஜன்னல் பக்கம் வந்ததும், என் வாய் மறையாமல் இருக்கத்தான். பின்வரிசையில் கேட்காதவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். இது முன்வரிசைக்காக வாசிக்கப்படுகிறது.

கர்த்தர் உங்களுக்கு நீண்ட ஆயுளும் நோயில்லாத உடலும் தரட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நூறு வயதிலும் மங்காத கண்களைத் தரட்டும். மாமா அந்த அலமாரியை நகர்த்தாமல் இருக்கட்டும்.

செயலர் இந்த இடத்தில் 'பலத்த கரவொலி' என்று எழுதிவைத்திருந்தார். தயவுசெய்து யாரும் கைதட்ட வேண்டாம். எல்லோரும் எழுந்து நின்று காலால் தட்டுங்கள். இது பலகைத் தரை.

அத்தை, செருப்பைக் கழற்றுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் முகம் பார்த்துப் பேசக் கற்றுக்கொண்டிருக்கும்
ஞாயிறு பள்ளி ஆசிரியைகள், செயலர்,
மற்றும் பதினாறு ஆடுகள்