கண்ணு எரியாத வெங்காயம்

எலிதாம்மா. எலிதான் தின்னுடுச்சு, எல்லாத்தையும். வேற தர்றியா, இல்ல எலியைப் பத்தியே பேசிக்கிட்டிருப்பியா?

பேரெல்லாம் தெரியாது. பூக்கிழங்கு. என் வீட்டுக்காரி வளக்கறது. பாக்க வெங்காயம் மாதிரி இருக்கும். கண்ணாடிக் குவளை வாயில உக்கார வைப்பா. வேர் மட்டும் தண்ணியைத் தொடணும், கிழங்கு நனைஞ்சா அழுகிடும்னு ஆயிரம் தடவை அதட்டியிருக்கா. ஆங், நீ காட்டறியே, அதேதான். வாசனை ஆளைத் தூக்கும். ஜன்னலைத் திறன்னு கத்துவேன்.

வெளியிலயும் வச்சிருக்கா, வாசப்பக்கம் மண்ணுல. அது இன்னும் தலையே காட்டலை. அதைத் தோண்டி உள்ள வைக்கலாமேங்கறியா? வந்து இறங்கினதும் அவ கண்ணு மொதல்ல அந்த மண்ணுலதான் போகும். கோழி கிளறின மாதிரி இருந்தா என்னைக் கிளறிடுவா.

நாளைக்கு வர்றா, ஆஸ்பத்திரியிலேருந்து. குளிக்கற எடத்துல வழுக்கி இடுப்பெலும்பு போச்சு. தினம் போன்ல சாப்பிட்டீங்களான்னு ஒரு கேள்வி, கிழங்கு பத்திரமான்னு ஒரு கேள்வி. ஃப்ரிட்ஜ்ல காய்கறித் தட்டுல வச்சிருந்தா. கொஞ்ச நாள் குளிர்ல தூங்கினாத்தான் பூக்குமாம். உன்கிட்ட அப்படிக் குளிர்ல வச்சது இருக்குல்ல? நல்லது. அதைக் குடு.

ஃப்ரிட்ஜுக்குள்ள எலி எப்படிப் போச்சா?

செடி விக்கறவ வக்கீல் மாதிரி கேக்கக் கூடாதும்மா.

சரி. எலி இல்ல. நான்தான். முட்டையில போட்டு. சிரிக்காத. மக சாப்பாடு குடுத்தனுப்பறேன்னா. ஏன், எனக்குக் கை இல்லையான்னுட்டேன். வீராப்பு. நறுக்கறேன், கண்ணு எரியலை. பரவால்ல, நல்ல வெங்காயமாப் பாத்து வாங்கியிருக்கான்னு நினைச்சேன். கை அரிச்சுது. அப்பவும் புத்தி வரலை. ரெண்டு வாய்தான். குடலே வெளிய வந்துடுச்சு. பக்கத்து வீட்டு டிரைவர் அள்ளிப் போட்டுக்கிட்டுப் போனாரு. அதே ஆஸ்பத்திரிக்கு. அவ மூணாவது மாடியில படுத்திருக்கா, நான் கீழ வாளியைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். அப்பப் பாத்து போன் பண்றா. சாப்பிட்டீங்களான்னா. சாப்பிட்டேன்னேன். கிழங்கு பத்திரமான்னா. பத்திரம்னேன்.

ஒண்ணையாவது காட்டக் கொண்டு வந்திருக்கலாம்தான். மிச்சமிருந்த கிழங்கை டாக்டர் வாங்கி வச்சுக்கிட்டாரு, என்னத்தைத் தின்னேன்னு பாக்கணுமாம். திரும்பக் கேக்க வெக்கமாப் போச்சு.

கலரா?

தெரியுது, வெள்ளை, நீலம், ரோஸ், மூணு தட்டு வச்சிருக்க. அடுக்காத.

கிழங்குத் தோல் நிறத்தைச் சொன்னாலே பூ என்ன கலர்னு சொல்லிடுவியா? தோலையும் பாக்கலைம்மா. உரிச்சேன், போட்டேன்.

இதைக் கேட்டுடுவியோன்னுதான் வந்ததுலேருந்து எலி கிலின்னு பேசிக்கிட்டே இருக்கேன்.

தின்னதை அவகிட்ட சொல்லிடலாம். திட்டுவா, அப்புறம் சிரிப்பா, சொந்தக்காரங்க அத்தனை பேருக்கும் போன் போடுவா. போகட்டும். கலர் தெரியாதுங்கறது அப்படி இல்ல. கட்டிக்கிட்டு வந்ததுலேருந்து வருஷாவருஷம் வளக்கறா. பூத்ததும் கொண்டு வந்து மேசையில என் தட்டுக்கு எதிர வைப்பா. வச்சுட்டுக் கொஞ்ச நேரம் நிப்பா. நான் குவளையை அந்தப் பக்கம் தள்ளிட்டுப் பேப்பரை விரிப்பேன்.

மகளைக் கேக்கலாம். என்னன்னு கேப்பேன், சொல்லு.

மூணுலயும் ரெண்டு ரெண்டு போடு. எது தப்போ, அவளே சொல்லட்டும்.