பின் சக்கரத்துக் கீச்சு

எல்லோரும் வசதியாக உட்காருங்கள். விஷயம் கொஞ்சம் நீளம். நின்றுகொண்டு கேட்டால் கால் வலிக்கும். நீங்கள் பாதைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறீர்கள், நான் பாதையைப் பார்த்து நிற்கிறேன். அதனால் ஒன்றுமில்லை. வேலை நேரத்தில் முப்பது பேர் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கூடியிருக்கிறோமே, காவலுக்கு ஆள் வேண்டாமா என்று கேட்டேன். "எதுக்குங்க? தொரை காருல பின் சக்கரத்துக் கீச்சு இன்னும் மிச்சமிருக்கில்ல. அது கேட்டா எந்திரிச்சு ஓடிறலாம்" என்றார் சங்கத் தலைவர் பொன்னையா. தலைவர் சொன்னால் சரிதான்.

தோட்டத்துத் தொரை இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் வருவார், ஆளைப் பிடிக்க. ஆனால் போன மாதம் வரை பாதையின் மூன்றாவது மதகில் கார் 'டொம்' என்று அடிக்கும். மலை முழுக்கக் கேட்கும். நிழலில் சாயத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையை மாட்டிக்கொண்டு தேயிலை நிரைக்குப் போய்விடுவார்கள். அந்த அடி ஏன் விழுந்தது என்று இதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. சொல்கிறேன். ஸ்பிரிங் குதிக்கும், அதை அடக்குவது சொக் அப்சோபர். பழைய சொக் ஓர் இரும்புப் பெட்டி, உள்ளே எண்ணெய், வெளியே ஒரு கை. நம் பாதையில் ஓடி எண்ணெய் எல்லாம் ஒழுகிவிட்டது. அடக்க ஆளில்லாத ஸ்பிரிங் மேலே போய் முட்டியது. அவ்வளவுதான்.

கப்பலில் சாமான் வருவது நின்றிருந்தது. தொரை ஹட்டனில் ஓர் உடைந்த வேனிலிருந்து, குழாய்க்குள் குழாய் போகிற சொக் நான்கைக் கழற்றி வந்தார். அதை மாட்டக் காரில் இடமில்லை. பிராக்கட் புதிதாக அடிக்க வேண்டும். செய்தே ஆக வேண்டும் என்று தொரை ஒற்றைக் காலில் நின்றார். நான் பாக்டரி பிட்டர். மறுக்க முடியுமா?

அன்றைக்கே தலைவர் வந்தார். "பிட்டரண்ணே, நல்லா செஞ்சிறாதீங்க. ஆணி ஓட்டையக் கொஞ்சம் பெருசாப் போட்டுறுங்க. அது பாட்டுக்கு ஆடட்டும்." வாக்குக் கொடுத்தேன். வாக்கை மீறவில்லை. ஓட்டை பெரிதான பிராக்கட் நான்கு செய்தேன். பாக்டரிச் சுவரில் தொங்குகின்றன, போய்ப் பார்க்கலாம். காரில் மாட்டியது வேறு நான்கு.

தேயிலைப் பெட்டிப் பலகையில் அச்சு வெட்டினேன். கால் அங்குலத் தகட்டைக் காய்ச்சி மடித்து, மடிப்புக்குள் ஒரு முக்கோணத் துண்டு வைத்துப் பற்றவைத்தேன். அது இல்லாவிட்டால் தகடு நாளடைவில் விரிந்துவிடும். காரில் நாலு மூட்டை அரிசி ஏற்றி, சக்கரம் முழுக்க மேலே போனாலும் குழாய் முட்டாமல் ஒரு விரல் இடைவெளி நிற்கிறதா என்று பார்த்தேன். நின்றது. சரியாக ஒரு விரல்.

செவ்வாய்க்கிழமை மூன்றாவது மதகைக் கார் பூனை மாதிரி தாண்டியது. முப்பத்திரண்டு பெண்களுக்கு அரைப் பேர். முழுநாள் வேலைக்குப் பாதி நாள் சம்பளம். "வாயில ரொட்டி. நிமிந்து பாத்தா எமன் மாதிரி நின்னுகிட்டு குட் மார்னிங்கிறாரு" என்று ராக்காயி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். என் மனைவி சுகிர்தமும் அந்த முப்பத்திரண்டில் ஒருத்தி. அழுதுகொண்டு வந்தவளிடம் நான் கேட்டது ஒன்றுதான்: "மதகு தாண்டுறப்ப பின்பக்கம் ஆடுச்சா?" ஆடவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. அன்றிலிருந்து அவள் சுவரோடுதான் பேசுகிறாள். "ரொட்டி அடுப்பு மேல இருக்குன்னு அந்த இஞ்சினியருகிட்டச் சொல்லு."

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தொரை ஒற்றைக் காலில் நின்றார் என்றேனே, அது முழுக்கச் சரியில்லை. "ஏலாட்டி விடு, வியாகுலம். நான் ஜீப் எடுக்கிறேன்" என்றுதான் என்னிடம் சொன்னார். ஜீப் சத்தம் நோர்வூட் வரை கேட்கும். நான்தான், "ஏலுங்க தொரை" என்றேன்.

இனி அந்தக் காரைத் தொடமாட்டேன் என்று நான் சத்தியம் செய்யாவிட்டால், என் வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் வரமாட்டீர்கள் என்கிறீர்கள். அந்தோனியார் மேல் சத்தியம், தொடமாட்டேன். இனித் தொட அதில் ஒன்றும் இல்லை. அந்தக் கீச்சு, இரும்பும் இரும்பும் உரசுவதால் வந்தது. நடுவில் லொறி டயரில் வெட்டிய ரப்பர் வில்லை வைத்தால் போய்விடும். இன்று காலையில் வைத்தேன்.

தலைவரே, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நடுவில் பேச்சை நிறுத்தியிருந்தால் நீங்கள் திரும்பிப் பார்த்திருப்பீர்கள். பார்த்த பிறகு கீச்சு கேட்கிறதா என்று யார் காதைத் தீட்டுவார்கள்? தோட்டத்து ஆட்களுக்கு எதிராக நான் எதையும் செய்ததில்லை, அது உங்களுக்கே தெரியும். இப்போது எல்லோரும் மெதுவாக எழுந்து தொரைக்குச் சலாம் சொல்லுங்கள். அவர் உங்கள் பின்னால் வந்து நின்று கொஞ்ச நேரமாகிறது.

ஒருவர் காதிலும் விழவில்லை, பார்த்தீர்களா.